சுற்றறிக்கையை முழுதாகப் படித்த டீச்சர்

கல்பாக்கத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக எழுதி வைக்கப்பட்டிருக்கும் அத்தனையையும், பஞ்சர் கடைப் பலகை முதல் காதணி விழா பேனர் வரை, ஓர் எழுத்து விடாமல் படித்த ஒரே ஜீவன் இந்த உலகத்தில் உண்டென்றால் அது எங்கள் 'அப்படீன்னா' டீச்சர்தான். படித்ததோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. எழுதியவரைத் தேடிப் பிடித்து அர்த்தம் கேட்டவரும் அவர்தான்.

இப்படி ஆரம்பித்தால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தாராளமாகச் சிரியுங்கள். நானும் வருடக்கணக்கில் சிரித்தவன்தான். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரை சொல்லாமல் நழுவிவிடுவேன், என் சுபாவம் அப்படி.

மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளத்தை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதற்கப்பால் குவித்து வைத்த உப்பு. வெயில் காலத்தில் அந்த வெள்ளையில் கண் கூசிக் கரும்பலகையே தெரியாது. அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடம் நடத்துவோம். மொத்தம் மூன்று ஆசிரியர்கள். ஒன்றும் இரண்டும் தலைமையாசிரியருக்கு, மூன்றாம் வகுப்பு எனக்கு, நாலும் ஐந்தும் டீச்சருக்கு. என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஓர் இரும்பு பீரோதான். அவர் பேசுவது எனக்கு முழுசாகக் கேட்கும். நான் பேசுவதும் அவருக்கு அப்படியே கேட்டிருக்கும் என்பது எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை.

டீச்சர் தினமும் பெரிய முதலியார்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கையில் ஜவுளிக்கடையில் கொடுத்த ஒரு கட்டைப்பை. அதில் சாப்பாட்டு டப்பா ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மீதி இடம் முழுக்க மாத்திரை அட்டை, பால் பாக்கெட் கவர், பழைய கரண்ட் பில், சலூன் விலைப் பட்டியல், யார் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ எல்லாம் இருக்கும். இதுதான் அவருடைய பாடப்புத்தகம். அரசாங்கம் கொடுத்த பாடப்புத்தகத்தையும் நடத்துவார். ஆனால் அவர் நடத்தும் வேகத்துக்கு, ஜூன் மாதம் ஆரம்பித்த முதல் பாடம் சரஸ்வதி பூஜைக்குள் முடிந்தால் அது சாதனை.

காரணம் அந்த ஒரு வார்த்தை. பிள்ளை ஒரு வரி படிக்கும். "அப்படீன்னா?" என்பார். பிள்ளை அதே வரியைக் கொஞ்சம் சத்தமாகப் படிக்கும். "அப்படீன்னா?" பிள்ளை விழிக்கும், தலையைச் சொறியும், பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். "அவ மூஞ்சியில எழுதியிருக்கா? நீ சொல்லு. அப்படீன்னா?" அந்த வரியில் இருப்பதைப் பிள்ளை தன் வீட்டில் பேசுகிற பேச்சில் சொல்கிற வரைக்கும் அடுத்த வரி கிடையாது. ஆறு வரிப் பத்திக்கு நாலு நாள் ஆகும். பீரோவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும் எனக்குத் தலைவலி மாத்திரை செலவு.

பஸ்ஸில் கண்டக்டர்களுக்கும் அதே கதிதான். பயணச்சீட்டில் 'கேட்கும்போது காண்பிக்கவும்' என்று அச்சடித்திருக்கும் இல்லையா, ஒருநாள் அதைக் காட்டி, "யாரு கேக்கும்போதுங்க?" என்று கேட்டுவிட்டார்.

"செக்கிங் கேட்டா காட்டுங்கம்மா."

"செக்கிங்குன்னு போடலியே. பக்கத்து சீட்டு அம்மா கேட்டாலும் காட்டணுமா?"

கண்டக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க டீச்சரா?" என்றாராம்.

"ஆமாங்க, எப்படித் தெரிஞ்சுது?"

"வேற யாரும்மா டிக்கெட்டைப் படிக்கப் போறாங்க?"

இதை டீச்சரே எங்களிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார். தன்னைக் கிண்டல் செய்தார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கண்டக்டர் நல்லா யோசிச்சுக் கண்டுபிடிச்சாரு என்று பாராட்டினார்.

காதணி விழா பேனர் கதை தனி. பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். வகுப்பையே வெளியே கூட்டிக்கொண்டு போய், "இந்த பேனர்ல யாருக்குக் காது குத்தறாங்க?" என்று கேட்டார். முப்பது தலைகள் இருந்தன அதில். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், நடுவில் ஆளுயரத்துக்குக் கூலிங் கிளாஸோடு நின்ற மாமாவைக் காட்டி, "இவருக்குத்தான் டீச்சர், இவருதான் பெருசா இருக்காரு" என்றான். அரை மணி நேரத் தேடலுக்குப் பிறகு குழந்தையைக் கீழ் மூலையில், பிளக்ஸ் கடைக்காரரின் போன் நம்பருக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த மாமா டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதையாவது மன்னிக்கலாம். தலைமையாசிரியர் வீட்டுக் கல்யாணத்தில் கை வைத்தார் பாருங்கள். மகள் கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து டீச்சருக்குக் கொடுத்தார் தலைமையாசிரியர். டீச்சர் பக்தியோடு வாங்கி, அன்றைக்கே வகுப்பில் பிரித்துவிட்டார். பொண்ணு பேரு எத்தனாவது வரி, சாப்பாடு எப்போ, 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டிருக்கிறதே, யாரு யாரை விரும்பறாங்க என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போனார். பிள்ளைகள் சுவரில் இருந்த தினசரி காலண்டரைக் கிழித்துப் பார்த்து, தமிழ்த் தேதிக்கும் இங்கிலீஷ் தேதிக்கும் ஒரு நாள் இடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குள் பெருமுக்கல் முதல் புதுச்சேரி வரை பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது. தலைமையாசிரியருக்கு அச்சகத்துக்காரர் மேல் கோபம் வரவில்லை. டீச்சர் மேல்தான் வந்தது.

"உங்கள யாரு டீச்சர் அதப் படிக்கச் சொன்னது?" என்றார்.

"படிக்கத்தானே சார் குடுத்தீங்க?"

கல்யாணம் சரியான நாளில்தான் நடந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மறுபடி போன் போட்டதால்தான் அப்படி நடந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. விருந்தில் நான் அந்த 'அப்படீன்னா'வை நடித்துக் காட்டினேன், பந்தியே சிரித்தது.

இப்போது என் பெருமையையும் கொஞ்சம் கேளுங்கள். பத்தியைப் படித்துக் கேள்விக்கு விடை எழுதுவதில் என் மூன்றாம் வகுப்பை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நான் கண்டுபிடித்த முறைக்குத் தூண்டில் என்று பெயர். கேள்வியில் இருக்கிற வார்த்தையை எடுத்துக்கொள். அதே வார்த்தை பத்தியில் எங்கே இருக்கிறது என்று பார். சிக்கியதா, அந்த வரியை அப்படியே இழுத்து விடையில் போடு. பிள்ளைகள் பத்தியைப் படிக்கவே வேண்டாம். நூற்றுக்கு நூறு. ஆசிரியர் கூட்டங்களில் என்னை எழுப்பிவிட்டுக் கைதட்டியிருக்கிறார்கள்.

ஒருநாள் டீச்சர் பீரோவைச் சுற்றிக்கொண்டு என் வகுப்புக்கு வந்து, "சார், ஒரே ஒரு பத்தி, போர்டுல எழுதிக்கட்டுமா?" என்றார். எழுதுங்களேன் என்றேன். எழுதினார். 'முனியம்மா இன்று உப்பு வாரப் போகவில்லை. நேற்று பெய்த மழை அப்படி.' அதற்குக் கீழே ஒரு கேள்வி. 'முனியம்மா ஏன் உப்பு வாரப் போகவில்லை?'

என் பிள்ளைகள் பாய்ந்து எழுதினார்கள். அத்தனை நோட்டிலும் ஒரே விடை, முற்றுப்புள்ளி உட்பட. 'முனியம்மா இன்று உப்பு வாரப் போகவில்லை.'

டீச்சர் முன் வரிசையில் இருந்த ஒரு பெண்ணை எழுப்பினார். பெயர் தேன்மொழி. அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறவர். என் வகுப்பின் முதல் மாணவி, எதிலும் நூறு.

"தேன்மொழி, மழ பேஞ்சா உங்கம்மா வேலைக்குப் போவாங்களா?"

"போவாது டீச்சர். பாத்தியில உப்பு கரைஞ்சிடும்."

"அத ஏன் எழுதல?"

"அது போர்டுல இல்ல டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கக் கூடாது என்று கவனமாகக் கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் போனார். தப்பு என்னுடையது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மறுநாள் தூண்டிலைத்தான் போட்டேன். கைதட்டல் பழகிவிட்ட கை அது.

அடுத்த வருடம் தேன்மொழி நாலாம் வகுப்புக்குப் போனாள், அதாவது பீரோவுக்கு அந்தப் பக்கம். நூறு வாங்கிய பெண் முப்பத்தைந்துக்கு இறங்கினாள். டீச்சர் "அப்படீன்னா?" என்றால் அதே வரியைத் திரும்பப் படிப்பாள். இன்னொரு தடவை கேட்டால் வாயை மூடிக்கொள்வாள். அவள் அம்மா வேலை முடிந்து, காலில் காய்ந்த உப்போடு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா சார், உங்ககிட்ட இருந்தப்ப நூறு வாங்குச்சு. இந்த டீச்சர்கிட்ட போயி இப்படி ஆயிடுச்சே. புள்ளைக்கு எதனா ஆயிடுச்சா?"

அந்த நூறு உங்கள் பெண்ணுடையது இல்லை, என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "என்னத்தங்க சொல்றது" என்று உதட்டைப் பிதுக்கி, பீரோ பக்கம் கண்ணைக் காட்டினேன். அந்த அம்மா அங்கே போய்க் கேட்டபோது டீச்சர் சொன்னது எனக்குக் கேட்டது.

"உங்க பொண்ணு இப்பத்தாங்க தப்பாவே எழுத ஆரம்பிச்சிருக்குது. சொந்தத் தப்பு. இனிமே சரியாயிடும்."

அந்த அம்மா குழம்பிப்போய்த் திரும்பினார். நான் அன்று சாயங்காலம் டீக்கடையில் 'சொந்தத் தப்பு' என்பதையும் சேர்த்து நடித்தேன்.

அந்த வருடமே டீச்சருக்கு வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளியில் இடம் காலியானது. இடமாறுதல் கலந்தாய்வுக்குப் போனால் கிடைத்திருக்கும். போகவில்லை. ஏன் டீச்சர் என்றேன்.

"தேன்மொழி இன்னும் ஒரு பதிலும் தானா சொல்லலை சார். எழுதியிருக்கிறத எல்லாரும் பாத்துச் சொல்லிடலாம். எழுதாததைக் கண்டுபிடிச்சுச் சொல்லணும், அதான் படிப்பு. அவ ஒண்ணு சொல்லிட்டா நான் போயிடுவேன்."

ஒரு பிள்ளையின் ஒரு பதிலுக்காக, தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர ஓர் ஆள் தயாராக இருந்தார். எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

அடுத்தது சுற்றறிக்கை நோட்டு. இது பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. மேலிடத்திலிருந்து எது வந்தாலும் தலைமையாசிரியர் ஒரு நோட்டில் எழுதி வகுப்பு வகுப்பாக அனுப்புவார். ஆசிரியர்கள் படித்துவிட்டு 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். நடைமுறையில் பார்ப்பது மட்டும்தான், படிப்பது கிடையாது. பாடத்தை நிறுத்தாமலே, ஒரு கையில் சாக்பீஸும் மறு கையில் பேனாவுமாகக் கையெழுத்துப் போடுவதில் நான் கெட்டிக்காரன். என் வலது காதை அறுத்துத் தரச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தாலும் போட்டிருப்பேன்.

டீச்சருக்கு அதுவும் பாடம். நோட்டு வந்ததும் வகுப்பில் சத்தமாக வாசிப்பார். வரி வரியாக 'அப்படீன்னா' நடக்கும். நோட்டு திரும்பி வர ஒரு பீரியட் ஆகும்.

"டீச்சர், அது சுற்றறிக்கை. சுத்திட்டு வரணும். உங்க கிளாசுக்கு வந்தா அது உட்காரறிக்கை ஆயிடுது" என்பார் தலைமையாசிரியர். அவர் செய்த ஒரே நல்ல ஜோக் அதுதான்.

ஒருமுறை 'மழைக்காலத்தை முன்னிட்டு வளாகத்தில் நீர் தேங்காதவாறு பார்த்துக்கொள்ளப்பட வேண்டும்' என்று வந்தது. யாரு பாத்துக்கணும் என்று டீச்சர் கேட்டார். பிள்ளைகள் மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு, "யாருன்னு போடலை டீச்சர்" என்றார்கள். அப்ப போய்க் கேளுங்க என்று அனுப்பிவிட்டார். இரண்டு வகுப்பும் வரிசையாகப் போய் நின்று கேட்டதில், தலைமையாசிரியர் தானே மண்வெட்டியைத் தூக்க வேண்டியதாகிவிட்டது.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது சிரிப்புக் கட்டுரை. மீதியையும் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

வாசிப்புத் திறனைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். கையில் டேப்லெட். ஒரு நிமிடத்தில் பிள்ளை எத்தனை வார்த்தை வாசிக்கிறது என்று பார்ப்பார், பிறகு கேள்வி கேட்டு சரி அல்லது தவறு என்று அமுக்குவார். என் வகுப்பு மூச்சு விடாமல் வாசித்தது, தூண்டில் போட்டு விடை சொன்னது. எல்லாம் சரி. டீச்சர் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வரி வாசித்து நிறுத்தி, யோசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயின. ஒரு நிமிடத்தில் இரண்டு வரிதான் தாண்டியது. 'கண்ணன் சந்தைக்குப் போனான். மாம்பழம் வாங்கினான். மகிழ்ச்சி அடைந்தான்.' கண்ணன் ஏன் மகிழ்ச்சி அடைந்தான் என்று அதிகாரி கேட்டார். ஓர் ஐந்தாம் வகுப்புப் பையன், "மாம்பழத்தாலயா, சந்தையைச் சுத்திப் பாத்ததாலயான்னு இதுல போடலியே சார்? அவன் அதைத் தின்னானா இல்லியான்னே தெரியலை" என்றான். டேப்லெட்டில் அதற்குப் பொத்தான் இல்லை. தவறு என்று அமுக்கினார்.

வெளியே வந்ததும் அதிகாரி என் தோளில் கையைப் போட்டார். "உங்க கிளாஸ் பிரமாதம் சார். அந்தம்மா பாடம் நடத்துறாங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

எனக்கு டீச்சர் மேல் அப்போது கோபம்கூட இல்லை. அந்தக் கை தோளில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். "நாங்களும் சொல்லிப் பார்த்துட்டோம் சார்" என்றேன்.

நாங்கள் எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. அவர்தான் எங்களுக்குச் சொல்லிப் பார்த்தார்.

பத்து நாள் போயிருக்கும். மதியம் சுற்றறிக்கை நோட்டு வந்தது. வழக்கம்போல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே 'பார்த்தேன்' போட்டு அனுப்பினேன். நேரில் சொல்லக் கூச்சப்படும் சங்கதி ஏதாவது வந்தால், காகிதத்தில் இருப்பதை அப்படியே நோட்டில் எழுதி அனுப்பிவிட்டு, மரக்காணத்தில் மீட்டிங் என்று வண்டியை எடுத்துவிடுவது தலைமையாசிரியரின் வழக்கம். அன்றும் வண்டிச் சத்தம் கேட்டது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

பீரோவுக்கு அந்தப் பக்கம் டீச்சர் வாசிக்க ஆரம்பித்தார். "நிர்வாக நலன் கருதி, நான்கு மற்றும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை இன்று பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, கிளியனூர் பகுதிப் பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பப்படுகிறார்."

பிறகு அதே குரலில், "அப்படீன்னா?" என்றார்.

"விடுவிக்கிறதுன்னா ரிலீஸ் டீச்சர். எங்க மாமாவ ஜாமீன்ல விட்டாங்களே, அது" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

"யார விடறாங்க?"

"நாலாவது அஞ்சாவது டீச்சர..." என்று ஆரம்பித்த பிள்ளை நிறுத்திக்கொண்டது. சிரிப்பும் நின்றது. "உங்களத்தான் டீச்சர்."

"யாரு அனுப்பறாங்க?"

"போடலை டீச்சர்."

ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. "அழக்கூடாது, இன்னும் ஒரு வரி இருக்குது" என்றார் டீச்சர். அந்த வரியையும் வாசித்தார். "பள்ளிப் பார்வையின்போது இவ்வகுப்புகளின் வாசிப்பில் காணப்பட்ட குறைபாடு, சக ஆசிரியரிடம் விசாரித்த வகையில் உறுதி செய்யப்பட்டது."

பாதியில் நின்றுபோன வாய்ப்பாட்டை என் பிள்ளைகளும் தொடரவில்லை. அந்தப் பக்கம் யாரும் எதுவும் கேட்கவில்லை. டீச்சர்கூடக் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு குரல் எழுந்தது. என்னிடம் ஒரு வருடம் இருந்தும் தானாக எழுந்து நான் கேட்டிராத குரல், தேன்மொழியினுடையது.

"டீச்சர், நம்ம ஸ்கூல்ல மொத்தமே மூணு பேருதான். ஹெச்.எம். சாரா இருந்தா தலைமையாசிரியர்னு எழுதியிருப்பாங்க. உங்களப் பத்தி உங்ககிட்டயே கேட்டிருக்க மாட்டாங்க. அப்ப பீரோவுக்கு அந்தாண்ட இருக்கிற சார்தான் சொல்லியிருக்காரு."

எந்தப் பதிலுக்காக அவர் வீட்டுப் பக்கத்துப் பள்ளியை விட்டாரோ, அந்தப் பதில் வந்துவிட்டது. எழுதாததைக் கண்டுபிடித்து, காரணத்தோடு, முழுசாகச் சொல்லிவிட்டாள். டீச்சர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான் பீரோவைப் பார்த்தபடி நின்றேன். அது இன்னும் இரண்டு அடி உயரமாக இருக்கக் கூடாதா என்று இருந்தது.

"தப்பு, தேன்மொழி" என்றார் டீச்சர். "பேரு போடலை இல்ல? எழுதாததை நாமளா சொல்லக்கூடாது. உட்காரு."

அவள் உட்காரும் சத்தம் கேட்டது. பேனா எழுதும் சத்தமும் கேட்டது. நோட்டு ஐந்தே நிமிடத்தில் திரும்பிப் போனது, அவர் வகுப்பிலிருந்து முதல் தடவையாக.

மூன்று மணிக்கு டீச்சர் கட்டைப்பையோடு என்னிடம் வந்து வருகைப் பதிவேட்டைக் கொடுத்தார். மாற்று ஆள் வரும் வரை அவர் வகுப்புகளும் என் தலையில்தான். நான் பதிவேட்டில் இல்லாத எதையோ தேடுவதுபோல் புரட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர்தான் பேசினார்.

"சார், தேன்மொழிகிட்ட நான் இன்னிக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன். சரியான பதிலைத் தப்புன்னு சொல்லிட்டேன். உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப திருத்திடுங்க."

சரிங்க டீச்சர் என்றேன். அவர் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். போகும்போதும் வாசலில் புதிதாகக் கட்டியிருந்த பேனரை நின்று படித்தார்.

திருத்த எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. தினமும் நாளைக்கு என்று தள்ளினேன். தேன்மொழி மறுபடி தூண்டிலுக்குத் திரும்பியிருந்தாள். வரியை அப்படியே இழுத்து எழுதினாள், நானும் முழு மதிப்பெண் போட்டேன். தப்பு என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தப் பெண் இனி எதையும் தானாகச் சொல்ல மாட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. டீச்சருக்கு அது அன்றைக்கே புரிந்திருக்கும்.

கடைசியில் ஒரு நாள் மூன்று வகுப்புகளும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். "தேன்மொழி, அன்னிக்கு நோட்டுல சக ஆசிரியர்னு ஒண்ணு வந்துச்சே. நீ சொன்ன பதில்தான் சரி. நான்தான் சொன்னேன். சொன்னதும் பொய்."

ஐம்பத்து நாலு வயதில், பத்து வயதுப் பிள்ளைகள் முன்னால் நிற்பது எவ்வளவு சிரமம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. தேன்மொழி எழுந்தாள்.

"அப்ப டீச்சர் ஏன் சார் தப்புன்னாங்க?"

எனக்குத் தெரியலம்மா என்றேன். அது உண்மை. என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் ஆசிரியனாக இருந்து செய்த உருப்படியான காரியம் அந்தக் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததுதான்.

"மறுநாள்லேருந்து நீங்கதான சார் எங்களுக்குப் பாடம் எடுக்கணும்? உங்களப் புடிக்கலைன்னா நாங்க படிக்க மாட்டோம். அதுக்குத்தான் டீச்சர் அப்படி சொல்லியிருக்காங்க."

என்னைக் காப்பாற்ற அவர் அதைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு மிச்சம் இருந்த ஒரே வாத்தியாரைக் காப்பாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாத்தியார் நானாக இருந்தது அவருடைய துரதிர்ஷ்டம்.

அன்று மதியம் கிளியனூருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். மன்னிப்பு அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

"யாரும் எடுத்துக் குடுக்காம அவளே சொன்னாளா சார்?"

"அவளேதான் டீச்சர்."

"முழு வாக்கியமா?"

"மூணு வாக்கியம் டீச்சர்."

"நல்லா வருவா சார். வெக்கறேன், கிளாஸ் இருக்குது" என்று வைத்துவிட்டார்.

கிளியனூர் எனக்கு வண்டியில் போனால் ஒன்றும் தூரமில்லை. அவர் வகுப்பில் கடைசி வரிசையில் ஓர் இடம் இருக்கிறது என்று சொன்னால், பையைத் தூக்கிக்கொண்டு நாளைக்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.